ரெல் பட்டன் அழுத்தினால் மீட்டர் எதைக் கழிக்கிறது? வைண்டிங் ஓம் அளவில் ஒரு குழப்பம்

கோவை_வைண்டர்

எல்லோருக்கும் வணக்கம். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் பம்ப்செட் மோட்டார்கள், இடையில் மில்லில் இருந்து பெரிய மோட்டார்களும் வரும்.

போன மாதம் 20 எச்பி மூன்று பேஸ் மோட்டார் ஒன்று வந்தது. டெர்மினல் பாக்ஸில் லிங்க் பட்டைகளைக் கழற்றிவிட்டு மூன்று வைண்டிங்கையும் தனித்தனியாக அளந்தேன். மல்டிமீட்டரின் லீட்களை, அதாவது அளக்கும் வயர்களை, ஒன்றோடு ஒன்று தொட்டால் என் மீட்டர் 0.3 ஓம் காட்டும். அதனால் லீட்களை ஷார்ட் செய்து, காட்டும் எண்ணைப் பூஜ்யமாக்கும் ரெல் (REL) பட்டனை அழுத்தி, 0.0 வந்ததும் அளப்பதுதான் வழக்கம். யூ, வீ, டபிள்யூ என்ற மூன்று வைண்டிங்கில் யூ 0.7, வீ 0.7. அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டார். பேசிவிட்டுத் திரும்பினால் மீட்டர் தானாக அணைந்திருந்தது. மறுபடி ஆன் செய்து, கிளிப்புகளைக் கடிக்க விட்டு, ரெல் அழுத்தி, டபிள்யூவை அளந்தேன். 0.4 காட்டியது. சுற்று ஷார்ட், அதாவது காயிலின் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டன என்று முடிவு செய்து மொத்த காயிலையும் வெட்டி எடுத்துவிட்டேன். வெட்டிய காயிலில் எங்கேயும் கருகல் இல்லை, வார்னிஷ் கூட நிறம் மாறவில்லை. அன்றிலிருந்து மனது உறுத்துகிறது.

இப்போது அதேபோல இன்னொரு 20 எச்பி மோட்டார், ட்ரிப் ஆகிறது என்று வந்திருக்கிறது. 0.7, 0.7, 0.5 காட்டுகிறது. வெட்டுவதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. ரெல் அழுத்தியபின் 0.0 காட்டினால் மீட்டர் சரியாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

மில்லிஓம்

அண்ணா, வெட்டாதீர்கள். முதலில் உங்கள் கடைசி வரிக்குப் பதில்: இல்லை.

ரெல் அழுத்தும் நொடியில் மீட்டர் என்ன அளவைப் பார்க்கிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு அளவிலிருந்தும் அந்த எண்ணைக் கழித்துக் காட்டுகிறது. வேறு எதுவும் செய்வதில்லை. 0.3 இருக்கும்போது அழுத்தினாலும் 0.0 வரும். 0.6 இருக்கும்போது அழுத்தினாலும் 0.0தான் வரும். 500 ஓம் ரெசிஸ்டரை மாட்டிவிட்டு அழுத்திப் பாருங்கள், அப்போதும் 0.0. தன்னிலிருந்து தன்னையே கழித்தால் பூஜ்யம்தானே வரும்? ஆகவே அந்த 0.0 எதற்கும் சாட்சி இல்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன். டபிள்யூவும் நல்ல வைண்டிங் என்றால் லீட்டோடு சேர்த்து 0.7 + 0.3, அதாவது 1.0 ஓம் வந்திருக்க வேண்டும். நீங்கள் பார்த்தது 0.4. அப்படியானால் மீட்டர் கழித்தது 0.6. இரண்டாவது முறை கிளிப்புகள் ஒன்றையொன்று கடித்த இடத்தில் வார்னிஷோ துருவோ இருந்து, லீட் 0.3-க்குப் பதில் 0.6 காட்டியிருக்கலாம். ஆன் செய்த கையோடு ரெல்லை அழுத்திவிட்டதால் அந்த 0.6 உங்கள் கண்ணில் படவே இல்லை. பிறகு அதே கிளிப் வைண்டிங் முனையில் இருக்கும் செம்பு லக்கை நன்றாகக் கடித்ததும் அதிகப்படி 0.3 போய்விட்டது. ஆனால் மீட்டர் அதையும் சேர்த்தேதான் கழித்துக்கொண்டிருந்தது.

அதனால் ரெல் அழுத்துவதற்கு முன்பு டிஸ்ப்ளேயில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். உங்கள் லீட்டுக்கு 0.3 வழக்கம் என்றால் 0.3 வந்து அசையாமல் நின்றபின் மட்டும் அழுத்துங்கள். நான் அந்த எண்ணை நோட்டில் ஒரு ஓரத்தில் எழுதிவிடுவேன். மூன்று பேஸையும் அளந்து முடித்ததும் லீட்களை மறுபடி ஷார்ட் செய்வேன். திரும்ப 0.0 வந்தால்தான் நடுவில் எடுத்த அளவுகளை நம்புவேன்.

கோவை_வைண்டர்

நீங்கள் சொன்ன பிறகு இப்போது போய்ப் பார்த்தேன் தம்பி. கிளிப்பைக் கடிக்க விட்டால் 0.3, கொஞ்சம் அசைத்தால் 0.5, இன்னொரு கோணத்தில் 0.8 கூட வருகிறது. பல்லில் பழைய வார்னிஷ் ஒட்டியிருக்கிறது. நன்றாகச் சுரண்டிவிட்டு அளந்தால் இந்த மோட்டார் 0.7, 0.7, 0.7. சிலசமயம் கடைசி எண் 6-க்கும் 7-க்கும் தாவுகிறது.

போன மாத மோட்டாரை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

லேப்_அக்கா

நான் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இதே குழப்பம் எங்களிடம் வருகிறவர்களுக்கும் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மீட்டரின் பிழை இரண்டு விதம். ஒன்று எல்லா அளவிலும் ஒரே அளவு கூடி நிற்பது. லீட்டின் 0.3 ஓம் அப்படிப்பட்டது, 1 ஓமை அளந்தாலும் 100 ஓமை அளந்தாலும் அதே 0.3 கூடும். இன்னொன்று அளவுக்கு ஏற்றபடி வளர்வது. 100-க்கு 101 காட்டும் மீட்டர் 200-க்கு 202 காட்டும். ரெல் முதல் வகையை மட்டும்தான் எடுக்கும். இரண்டாவதை அது தொடவே தொடாது. ரெல் அழுத்துவதைக் கேலிபிரேஷன் என்று சிலர் சொல்வதை இதனால்தான் நான் ஏற்பதில்லை.

அடுத்தது, கடைசி இலக்கம். உங்கள் மீட்டர் 0.1 ஓம் படியில் காட்டுகிறது. 0.7-இல் ஒரு படி என்பதே 14 சதவீதம். பல கைமீட்டர்களின் கையேட்டில் ஓம் ரேஞ்சுக்கு சதவீதப் பிழையோடு ஒன்றிரண்டு இலக்கம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். இரண்டு இலக்கம் என்றால் 0.2 ஓம். 0.7-க்கும் 0.5-க்கும் இடையில் இருப்பதே அவ்வளவுதான். லீட்டைச் சரியாகக் கழித்திருந்தாலும் அந்த மீட்டரை வைத்து 'சுற்று ஷார்ட்' என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான சுற்றில் நான்கைந்து ஷார்ட் ஆனால் ஓம் எவ்வளவு குறையும் என்று யோசித்துப் பாருங்கள், அந்த வித்தியாசம் இந்த டிஸ்ப்ளேயில் தெரியவே தெரியாது.

பெஞ்ச் மீட்டரிலும் இந்தக் கழித்தல் உண்டு. ஆய்வகங்களில் பரவலாக இருக்கும் 34401ஏ மீட்டரில் ரெல்லுக்குப் பதில் நல் என்ற பட்டன் இருக்கும். அதன் 100 ஓம் ரேஞ்சில் கடைசி இலக்கம் 100 மைக்ரோஓம். அவ்வளவு நுணுக்கமான கருவியின் கையேட்டிலேயே, இரண்டு வயரில் ஓம் அளக்கும்போது நல் செய்யாவிட்டால் 0.2 ஓம் பிழையைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் 0.7-இல் 0.2 எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

வெப்பத்தையும் மறக்க வேண்டாம். செம்பின் ஓம் ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 0.70 இருந்த வைண்டிங் 60 டிகிரியில் 0.81 காட்டும். ஓடி முடித்த சூட்டோடு ஒரு பேஸ், டீ குடித்துவிட்டு வந்து இன்னொரு பேஸ் என்று அளந்தால் இல்லாத வித்தியாசம் தெரியும். அதைக் கழிக்க எந்தப் பட்டனும் இல்லை.

பெஞ்ச்மேசை

எல்லோரும் ரெல்லை எப்படி அழுத்துவது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஒரு ஓமுக்குக் கீழே போனால் ரெல்லையே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. கழித்தல் என்பது லீட்டும் கிளிப்பும் நேற்றும் இன்றும் ஒரே மாதிரி இருக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. கிளிப் ஒவ்வொரு கடிக்கும் மாறுகிறது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார். மாறுகிற ஒன்றை, முன்பு ஒரு தடவை எடுத்து வைத்த எண்ணால் எப்படிக் கழிப்பது? அது நடுவில் வராமலே அளக்கத்தான் நான்கு வயர் முறை இருக்கிறது.

அதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை அண்ணா. கடையில் 30 வோல்ட் 3 ஆம்பியர் பவர் சப்ளை இருக்கிறதா? கரண்ட் லிமிட்டை 1 ஆம்பியரில் வையுங்கள். சப்ளையின் இரண்டு வயரையும் வைண்டிங்கின் இரு முனையில் மாட்டுங்கள். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, அதன் புரோப்களை சப்ளை கிளிப்பின் மேல் வைக்காமல், அதற்கு உள்பக்கம் வைண்டிங்கின் லக் மேலேயே வையுங்கள். 1 ஆம்பியர் ஓடும்போது 700 மில்லிவோல்ட் வந்தால் அதுதான் 0.700 ஓம். சப்ளை வயரில் விழும் வோல்ட்டேஜை மீட்டர் பார்ப்பதே இல்லை. மீட்டர் வயரில் கரண்ட் கிட்டத்தட்ட இல்லை, அதனால் அதன் ஓமும் கணக்கில் வராது.

இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. மூன்று வைண்டிங்கையும் வரிசையாக, யூவின் கடைசி முனை வீயின் முதலில், வீயின் கடைசி முனை டபிள்யூவின் முதலில் என்று சீரியலாக இணையுங்கள். அதே 1 ஆம்பியர் மூன்றிலும் ஓடும். இப்போது ஒவ்வொன்றின் குறுக்கேயும் மில்லிவோல்ட்டை எடுங்கள். சப்ளையின் ஆம்பியர் காட்டி சரியில்லாமல் உண்மையில் 0.97தான் ஓடினாலும் கவலை இல்லை. மூன்றுக்கும் அதே 0.97 என்பதால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது. உங்களுக்கு வேண்டியதும் அந்த விகிதம்தான்.

எச்சரிக்கை: ஓடிக்கொண்டிருக்கும்போது சப்ளை கிளிப்பைப் பிடுங்காதீர்கள். வைண்டிங் தேக்கி வைத்திருக்கும் சக்தி ஒரே வீச்சில் வெளியே வரும். கையில் அடிக்கும், மீட்டரையும் கொல்லும். முதலில் மீட்டர் புரோப்பை எடுங்கள், பிறகு கரண்ட்டை மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள், கடைசியில் கிளிப்.

மில்லிஓம்

பெஞ்ச்மேசை சொல்வதை முழுதாக ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அந்த முறையிலும் ரெல்லுக்கு வேலை இருக்கிறது. மில்லிவோல்ட் ரேஞ்சில் புரோப்களை ஷார்ட் செய்தால் என் மீட்டர் 0.1 காட்டும். அதை ரெல் எடுத்துவிடும். ஆனால் இது மீட்டருக்குள் இருக்கும் ஆஃப்செட்டை மட்டும்தான் எடுக்கிறது. புரோப் முனையும் லக்கும் வேறு வேறு உலோகம். ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருந்தால் அங்கேயே சில மைக்ரோவோல்ட் பிறக்கும். 700 மில்லிவோல்ட்டில் அது ஒன்றுமில்லை. மைக்ரோஓம் அளக்கும் ஆட்கள் கரண்ட்டை ஒருமுறை நேராகவும் ஒருமுறை திருப்பியும் ஓடவிட்டு, இரண்டு அளவின் வித்தியாசத்தில் பாதியை எடுப்பார்கள். திருப்பும்போது வைண்டிங்கின் வோல்ட்டேஜ் குறி மாறும், வெப்பத்தால் வந்தது மாறாது, அதனால் அது அடிபட்டுப்போகும். இதுவும் கழித்தல்தான். ஆனால் எப்போதோ சேமித்த எண்ணை வைத்துக் கழிக்காமல், அந்தந்த நேரத்திலேயே அளந்து கழிப்பது. எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

ஓய்வுபெற்ற_வயர்மேன்

பிள்ளைகளே, ஓம் கதை இருக்கட்டும். ரெல் பற்றி நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்த இழையைப் படிக்கிற எல்லோரும் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பல மீட்டர்களில் ரெல் பட்டன் வோல்ட் ரேஞ்சிலும் வேலை செய்யும். 230 வோல்ட்டில் புரோப்பை வைத்திருக்கும்போது தெரியாமல் அந்தப் பட்டனில் விரல் பட்டுவிட்டால் டிஸ்ப்ளே 0 ஆகிவிடும். ஓரத்தில் சின்னதாக ஒரு முக்கோணக் குறி மட்டும் எரியும். கண்ணாடி போட்ட எனக்கு வெயிலில் அது தெரியாது. பேனலில் கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக் கை வைத்தால் என்ன ஆகும்? சோலார் பேனல் வரிசையிலும் பேட்டரி வங்கியிலும் இதே ஆபத்து.

என்னோடு வேலை பார்த்த பையன் ஒருவன் இப்படித்தான் ஒரு பேனலில் 0 பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். பக்கத்தில் நின்ற நான் நியான் டெஸ்டரை வைத்துப் பார்த்ததால் தப்பினான். அன்றிலிருந்து என் கீழே வேலை செய்த எல்லோருக்கும் ஒரே பழக்கம்: கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் மீட்டரை முதலில் வை, பிறகு வேலை செய்யப்போகும் இடத்தில் வை, மறுபடி பழைய இடத்தில் வை. மூன்றும் பொருந்தினால்தான் கை. ரெல் ஆனில் கிடந்தால் முதல் இடத்திலேயே எண் கோணலாக வந்து காட்டிக்கொடுத்துவிடும். வோல்ட் பார்க்கும் முன் திருகியை ஒருமுறை ஆஃபுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வருவதும் நல்லது.

கோவை_வைண்டர்

ஐயா, இதை எழுதியதற்கு ரொம்ப நன்றி. கடைப் பையன்களை உட்கார வைத்து வாசித்துக் காட்டினேன்.

தராசுத்தட்டு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். கல்லூரி புராஜெக்ட்டுக்காக எடையை உணரும் லோட்செல்லும் அதன் சிக்னலை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 போர்டும் வைத்து ஒரு தராசு செய்கிறேன். ஆன் ஆனதும் டேர் செய்யும்படி, அதாவது பூஜ்யமாக்கும்படி, எழுதியிருக்கிறேன். தட்டில் பாத்திரம் இருக்கும்போது கரண்ட் போய் வந்தால் பாத்திரத்தோடு பூஜ்யம் காட்டுகிறது. பாத்திரத்தை எடுத்தால் மைனஸ். இதுவும் நீங்கள் பேசும் விஷயம்தானே?

லேப்_அக்கா

அதேதான் தம்பி. டேர் என்பது தராசின் ரெல். நீங்கள் பயன்படுத்தும் லைப்ரரி பத்து அளவை எடுத்து, சராசரியை ஆஃப்செட் என்று வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு அளவிலிருந்தும் அதைக் கழித்து, ஸ்கேல் எண்ணால் வகுக்கும். முதலில் கழித்தல், பிறகுதான் வகுத்தல். நீங்களே சொந்தமாக எழுதினால் இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள், ஆஃப்செட் இருப்பது கிராமில் இல்லை, சிப் தரும் மாற்றாத மூல எண்ணில்.

சராசரி எடுப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு அளவிலும் கொஞ்சம் நடுக்கம் இருக்கும். ஒரே ஒரு அளவை ஆஃப்செட்டாக வைத்தால், அந்த நொடியின் நடுக்கம் உறைந்துபோய் அதற்குப் பிறகு நிறுக்கும் எல்லாப் பொருளிலும் அப்படியே ஏறிவிடும். மற்ற அளவுகளைப் பிறகு எவ்வளவு சராசரி எடுத்தாலும் அது போகாது. அதனால் ஆஃப்செட் எடுக்கும்போது மட்டும் பொறுமையாக இருபது, முப்பது அளவு எடுங்கள்.

கரண்ட் போகும் பிரச்சினைக்கு, வெறும் தட்டின் ஆஃப்செட்டை, கரண்ட் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதி வையுங்கள். ஆன் ஆனதும் புது அளவை அதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் சின்னதாக இருந்தால், அதாவது வெப்பத்தால் நகர்ந்த அளவுக்குள் இருந்தால், புதுப் பூஜ்யத்தை ஏற்கலாம். பெரிதாக இருந்தால் தட்டில் ஏதோ இருக்கிறது, பழைய எண்ணையே வைத்துக்கொண்டு எடையைக் காட்டட்டும். வணிகத் தராசுகளுக்கான ஓஐஎம்எல் ஆர்76 பரிந்துரையிலும் இப்படி எல்லை உண்டு. ஆன் ஆகும்போது எடுக்கும் பூஜ்யம் பொதுவாகத் தராசின் உச்ச எடையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்குப் பிறகு செய்யும் பூஜ்யத் திருத்தம் 4 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ஈப்ராமில் ஒவ்வொரு லூப்பிலும் எழுதாதீர்கள். அர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் சிப்புக்கு ஒரு இடத்தில் ஒரு லட்சம் தடவை எழுதும் ஆயுள்தான் உறுதி.

கிளாம்ப்காரன்

டிசி கிளாம்ப் மீட்டரையும் இதில் சேர்க்க வேண்டும். சோலார் வேலையில் தினமும் பார்க்கிறேன். வயர் எதுவும் இல்லாமலே 0.3 ஆம்பியர் காட்டும். தாடையில் மிச்சமிருக்கும் காந்தமும் பூமியின் காந்தமும் சேர்ந்து வருவது. கீழே நின்று ஜீரோ பட்டனை அழுத்திவிட்டு ஏணியில் ஏறி வேறு பக்கம் திருப்பிப் பிடித்தால் அந்த ஜீரோ மாறிவிடும். அளக்கப்போகும் வயருக்குப் பக்கத்திலேயே, அதே திசையில் பிடித்து, தாடையை மூடி, வயரை உள்ளே விடாமல் ஜீரோ செய்ய வேண்டும்.

ஏசியில் ஒரு சந்தேகம். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டரில் புரோப்பை ஷார்ட் செய்தாலும் கடைசி இலக்கங்களில் 20 என்ற எண் நிற்கிறது. அதையும் ரெல் எடுக்கலாமா?

மில்லிஓம்

கூடாது. ஏசியில் இரைச்சலும் சிக்னலும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கம் வர்க்கமாகக் கூடி, பிறகு வர்க்கமூலம் எடுக்கப்படுகிறது. உண்மையான சிக்னல் 1000 எண், இரைச்சல் 20 எண் என்றால் மீட்டர் காட்டுவது 1000.2, அதாவது 1000. நீங்கள் ரெல் அழுத்தி 20-ஐக் கழித்தால் 980 வரும். சரியாக இருந்ததை நாமே 2 சதவீதம் கெடுத்துவிடுகிறோம். ஏசியில் அந்த 20-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவதுதான் சரி.

கெப்பாசிட்டர் அளக்கும்போது தாராளமாக ரெல் அழுத்தலாம், ஆனால் லீட்களை ஷார்ட் செய்யாமல் திறந்து வைத்து. லீட்டின் ஓம் தொடரில் கூடுகிறது, அதனால் ஷார்ட் செய்து எடுக்கிறோம். லீட்டின் கெப்பாசிட்டன்ஸ் இணையாகக் கூடுகிறது, அதனால் திறந்து வைத்து எடுக்கிறோம். எடுத்த பிறகு வயர்களை நகர்த்தாதீர்கள். இடைவெளி மாறினால் அந்த எண்ணும் மாறும்.

கோவை_வைண்டர்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். பெஞ்ச்மேசை சொன்ன மாதிரி மூன்றையும் சீரியலில் போட்டு 1 ஆம்பியர் ஓடவிட்டேன். முதலில் எண் ஏறிக்கொண்டே போனது, பிறகு நின்றது. யூ 741, வீ 739, டபிள்யூ 743 மில்லிவோல்ட். இரண்டு தடவை கழற்றி மாட்டியும் ஒன்றிரண்டுக்கு மேல் மாறவில்லை. கடையில் அன்று வெயில், அதனால்தான் 0.70-க்குக் கொஞ்சம் மேலே என்று நினைக்கிறேன். அக்கா சொன்ன கணக்கைப் போட்டால் 35 டிகிரிக்குச் சரியாக வருகிறது.

வைண்டிங்கில் குறை இல்லை என்று தெரிந்ததும் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரில் பாடிக்கு அளந்தேன், அதுவும் நன்றாக இருந்தது. மோட்டாரை ஓட்டினேன், மூன்று பேஸிலும் ஆம்பியர் சமம். பிறகு மோட்டார் சொந்தக்காரர்களிடம் ஸ்டார்ட்டரைக் கொண்டுவரச் சொன்னேன். கான்டாக்டரில் ஒரு பேஸின் முனை அரித்துப்போய், சூடானதும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ட்ரிப் ஆனதற்குக் காரணம் அதுதான். கான்டாக்ட் கிட் மாற்றியதோடு வேலை முடிந்தது.

போன மாத மோட்டாரின் சொந்தக்காரரை நேரில் போய்ப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். கூலியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கம்பி விலையைத் தானே ஏற்பதாகச் சொன்னார். அவருடைய ஸ்டார்ட்டரையும் நாளை போய்ப் பார்க்கப்போகிறேன்.

ஒரே ஒரு கேள்வி. கரண்ட்டை இறக்காமல் பையன் யாராவது கிளிப்பைப் பிடுங்கிவிட்டால் என்ன செய்வது?

பெஞ்ச்மேசை

சப்ளை கிளிப்பில் மாட்டாமல், சீரியலின் இரண்டு வெளி முனை லக்கிலும் தனி வயரால் ஒரு 1என்4007 டையோடை இறுக்கமாக மாட்டிவிடுங்கள். டையோடின் வெள்ளிக்கோடு பிளஸ் பக்கம் இருக்கட்டும். அளக்கும்போது அதில் கரண்ட் ஓடாது. கிளிப்பைப் பிடுங்கினால் வைண்டிங்கின் கரண்ட் அதன் வழியே சுற்றி அடங்கிவிடும்.

டையோடு தலைகீழாக மாறிவிட்டால் மொத்த வோல்ட்டேஜும் ஒரு வோல்ட்டுக்குள் நின்றுவிடும், உங்கள் மூன்று வைண்டிங்குக்கு 2.2 வோல்ட் வர வேண்டும். சப்ளையின் வோல்ட் காட்டியை ஒருமுறை பார்த்துவிட்டு அளக்க ஆரம்பியுங்கள்.